பழைய நெட்புக்குக்குப் புது வாழ்வு

2008-ஆம் ஆண்டையொட்டி விற்பனைக்கு வந்த நெட்புக் என்னும் சிறு கணினிகள் இன்று பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றை இயக்கிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிவுற்றது. கருவி நலமாயிருப்பின், இயங்குதளத்தை மட்டும் மாற்றி மீண்டும் பயன்கொள்ளலாம்.

ஆட்டம் என்270 செயலி கொண்டவை 32 பிட் வகையின. விலையின்றிக் கிடைக்கும் டெபியன் லினக்ஸில் இவற்றில் நிறுவத்தக்க கடைசிப் பதிப்பு 12. 2025-இல் வெளியான 13-ஆம் பதிப்பு பொருந்தாது. நினைவகம் பெரும்பாலும் 1 ஜிபியே ஆதலின், எல்எக்ஸ்டிஇ போன்ற எளிய முகப்பே ஏற்றது. குறுந்தகடு இயக்கி இன்மையால், வேறொரு கணினியில் நிறுவுகோப்பைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே நெட்புக்கைத் தொடங்குதல் வேண்டும்.

வட்டு முழுவதிலும் நிறுவினால் பழைய கோப்புகள் யாவும் அழிந்துபோகும். ஆகவே, குடும்பப் படங்களையும் கணக்குகளையும் முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் முதற்கடமை என்பதை நேயர்கள் மறத்தலாகாது.