கரண்டு போச்சு... தறியும் நின்னுது, தண்ணியும் நின்னுது!

அடுத்த புயலுக்கு முன்னே அம்மையார்குப்பம் தேறுமா?

அம்மையார்குப்பம்:

"டக்... டக்... டக்..."

அம்மையார்குப்பத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது இந்தச் சத்தம்தான். திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போனால் வரும் நெசவு ஊர் இது. தெருவுக்குத் தெரு விசைத்தறி. சேலை நெய்துதான் பிழைப்பு.

இந்தச் சத்தம் திடீரென்று நின்றால் என்ன அர்த்தம்? கரண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

பட்டணத்தில் கரண்டு போனால் காத்தாடி நிற்கும். கொசு கடிக்கும். இங்கே கரண்டு போனால் கூலி நிற்கும். நெய்த சேலைக்குத்தான் காசு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யார் கொடுப்பார்கள்?

இரட்டை அடி

தறியோடு போச்சா என்றால் அதுவும் இல்லை. கிராமத்துக் குடிநீர் மோட்டாரும் கரண்டில்தான் ஓட வேண்டும். மோட்டார் ஓடினால்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். தொட்டி காலியானால் தெருக்குழாயில் காற்றுதான் வரும். எங்கோ ஒரு கம்பி அறுந்தால் ஊருக்கு இரண்டு அடி!

விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்தது. 2023-ல் அது 1,000 யூனிட் ஆனது. நல்ல சலுகைதான். ஆனால் கம்பியில் கரண்டு வந்தால்தானே யூனிட் ஓடும்?

2012-ம் வருஷத்தை யாரும் மறக்க முடியாது. சென்னைக்குத் தினமும் 2 மணி நேரம் வெட்டு. வெளியூர்களில் பல இடங்களில் 10 மணி நேரத்துக்கு மேல்! அப்போது வடக்கே மின்சாரம் இருந்தாலும் வேண்டிய அளவு கொண்டுவர வழி இல்லை. 2013 டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் உயர் அழுத்த லைன் இணைந்த பிறகுதான் தென் மாநிலங்கள் தேசிய மின் தொகுப்போடு முழுசாகச் சேர்ந்தன.

பெரிய லைன் வந்தது. ஆனால் தெருக்கோடி கம்பம்?

சாய்ந்த கம்பங்கள்

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் உலுக்கியது. கம்பங்கள் மளமளவென்று சாய்ந்தன. திருவள்ளூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

2018 நவம்பரில் கஜா புயல். டெல்டா மாவட்டங்களில் விழுந்த கம்பங்கள் 1 லட்சத்துக்கும் மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம். அப்போது சென்னையிலேயே வெள்ளம் வடியாத பகுதிகளில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. அடுக்குமாடியில் இருந்தவர்கள் மோட்டார் ஓடாமல் குடத்தோடு கீழே இறங்கினார்கள்.

அன்றைக்கு அவர்கள் பட்டதுதான் நெசவாளி வீட்டில் கரண்டு போகும்போதெல்லாம் படும் பாடு.

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"எங்கோ எல்லையில் இருக்கிற ஊர், நமக்கென்ன?" என்று மின்சார ரெயிலில் போகிறவர்கள் நினைக்க வேண்டாம்.

ஆந்திராவில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரிலும் அப்படித்தான் ஆனது. இந்தப் பகுதி 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திராவில் இருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோட்டை மாற்றினாலும் ஆறு அதன் வழியில்தான் போகிறது.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் பூண்டி ஏரி. 1944-ல் கட்டி முடித்தது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கே இருந்துதான் சென்னை குழாய்க்கு வழி.

அந்த ஏரிகள் வறண்டால் என்ன ஆகும் என்பதை 2019-ல் பார்த்தோம். ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வில்லிவாக்கம் வந்தது!

என்ன செய்யலாம்?

மலையைப் புரட்ட வேண்டாம். செய்யக்கூடிய வேலைகள்தான்.

* மழைக்கு முன்பே கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட வேண்டும். துருப்பிடித்த, சாய்ந்த கம்பங்களை மாற்ற வேண்டும்.

* ஒரு பீடரில் எங்கே கோளாறு வந்தாலும் ஊரே இருட்டாகிறது. நடுநடுவே சுவிட்ச் வைத்தால் பழுதான பகுதியை மட்டும் நிறுத்தி, மற்ற பகுதிக்கு வேறு பக்கமிருந்து கரண்டு கொடுக்கலாம்.

* குடிநீர் மோட்டாருக்கு ஜெனரேட்டர் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த உடனே மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பிவிட வேண்டும்.

* தண்ணீர் தேங்கும் இடத்தில் உள்ள மின்பெட்டிகளை உயர்த்தி வைக்க வேண்டும்.

* ஏரி வரத்துக் கால்வாயைத் தூர் வார வேண்டும். 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புத் தொட்டி மண் மூடிக் கிடந்தால் வீட்டுக்காரர்தான் தோண்ட வேண்டும்.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகக்கூடாது. மின்வாரியத்தின் "மின்னகம்" எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கம்பம் விழுந்த பிறகு ராத்திரி பகலாக, கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி உயிரைப் பணயம் வைக்கிறான் லைன்மேன். அதே கம்பத்தை வெயில் அடிக்கும்போதே மாற்றினால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

அம்மையார்குப்பத்துத் தறிச்சத்தம் நிற்காமல் கேட்டால் நெசவாளி வீட்டில் அடுப்பு எரியும்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?