மலையேறும்போது கொதிக்கும் வண்டி
ரேடியேட்டருக்குள் துருச்சேறு! போக்குவது எப்படி?

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்குவது சுலபம். திரும்பி ஏறுவதுதான் கஷ்டம். புளி மூட்டையோ தக்காளிப் பெட்டியோ ஏற்றிய பழைய ஜீப், வளைவில் "புஸ்" என்று ஆவி கக்கி நின்றுவிடும். டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடுவார்.

புது வண்டி இப்படி நிற்பது அபூர்வம். பழைய வண்டிக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

என்ஜின் இரும்பால் ஆனது. அதைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிறது. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துருதானே! அந்தத் துரு செம்மண் குழம்பு போலக் கரைந்து, என்ஜினின் அடிமூலைகளில் படிகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடுகிறது.

போதாததற்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வேறு. அதைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். என்ஜினுக்குள்ளும் அதே கதைதான்.

1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்ற நிபுணர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்கள்! பல சிறு வழிகளில் காற்று பட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆறும் என்பதே தத்துவம். வழிகள் அடைபட்டால் எப்படி ஆறும்?

மூடியில் கை வைக்காதீர்!

ரேடியேட்டர் மூடி, குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அத்தனையும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துபோனவர்கள் உண்டு. மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்கும் அளவுக்கு ஆறட்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. ஹெட் விரிசல் விடலாம்.

கழுவும் முறை

ஆறிய வண்டியில் கீழ்க் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வடிக்க வேண்டும். நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி வடிக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதே வேலை. நாலைந்து தடவை ஆகலாம், பொறுமை வேண்டும்.

அப்படியும் போகாத சேற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரின் கீழ் வாய் வழியாகத் தண்ணீரைச் செலுத்தி மேலே வரவிடுவார்கள். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசை அல்லவா? சிக்கிய கசடு பெயர்ந்து வரும். பித்தளை ரேடியேட்டர் ரொம்பவும் அடைத்திருந்தால், பட்டறையில் மேல்தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள்.

கழுவியதும் புதிதாக ஒழுக்கு தெரியலாம். பயப்பட வேண்டாம். இதுவரை துருவே ஓட்டையை அடைத்திருக்கும்! ஊதிப்போன ஹோஸ், பட்டறைக்காரர்கள் "வாட்டர் பாடி" என்று சொல்லும் பம்ப், என்ஜின் பக்கத்திலுள்ள சிறு தகர மூடிகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்த மூடிகளைத் துரு உள்ளிருந்தே தின்றுவிடும்.

மஞ்சள் தூள் வைத்தியம்

ஒழுக்கு கண்டால் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போடும் வழக்கம் டிரைவர்களிடம் உண்டு. நடுக்காட்டில் வீடு வந்து சேர உதவும், மறுக்க முடியாது. ஆனால் ஓட்டையை அடைக்கும் மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதும் இப்படிப்பட்ட வைத்தியமே. என்ஜின் தக்க சூட்டுக்கு வராமல் எண்ணெயைக் குடிக்கும்.

கடைசியாக, வெறும் தண்ணீர் வேண்டாம். கூலண்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பாதி கலந்து நிரப்ப வேண்டும். துருவைத் தடுக்கும் மருந்து கூலண்டில் இருக்கிறது. அந்த மருந்தும் நாளடைவில் தீர்ந்துவிடும். சாதாரண ரகத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டக்கூடாது. அது இனிக்கும் விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும். குழந்தைகள் கைக்கும் எட்டாமல், மூடியுள்ள கேனில் பிடித்து வைக்க வேண்டும்.