கடல் தெரியும் மலை விடுதி

கடற்கரை விடுதியில் தங்கியவர்கள் அலையோசையைப் புகழ்வார்கள். அப்புத்தளையில் நான் தங்கிய சிறு விடுதியில் எவ்வித ஓசையும் இல்லை. ஆயினும் கடல் உண்டு. ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில், மலைமுகட்டின் விளிம்பிலே அமைந்த ஊர் இது. தெற்கே நிலம் சட்டெனச் சரிந்து சமவெளியாகிவிடுகிறது. வானம் தெளிந்த காலையில், அதற்கும் அப்பால் வெள்ளிக் கோடொன்று மின்னும். அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடல் அது. சற்றைக்கெல்லாம் மூடுபனி ஏறிவந்து யாவற்றையும் மறைத்துவிடும்.

தேநீர் கொணர்ந்த முதியவர் தம்பேதென்னத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாமஸ் லிப்டன் 1890இல் எழுப்பிய தொழிற்சாலை இன்றும் நிற்கும் தோட்டம். சன்னலோரம் நின்று, "எங்க அண்ணன் போன கடலுங்க ஐயா" என்றார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர். எஞ்சியோரின் கணக்கு 1974 வரை காத்திருந்தது. அந்தப் பங்கீட்டில் அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் சென்றார். தம்பி இங்கே நின்றார்.

தலைமன்னார் வடமேற்கே உள்ளது. இந்தச் சன்னலோ தெற்கு நோக்கியது. ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் திருத்த வாயெடுத்தேன். அவர் நின்ற நிலை என்னைத் தடுத்துவிட்டது.

மறுநாள் விடியுமுன் கதவைத் தட்டினார்.

"எழும்புங்க ஐயா, இன்னிக்கு நல்லாத் தெரியுது."