கடிபடவே பிறந்தது

பல் டாக்டரிடம் பத்து வருடமாகப் போய்வருகிறேன். வாயில் அச்செடுத்த அந்த ரோஸ் நிற மாவு அப்புறம் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த முறை கேட்டே விட்டேன். "மாடியிலதான் லேப். போய்ப் பாருங்களேன்" என்றார் டாக்டர். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன்!

விஷயம் இதுதான். தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். எலிதான் கொறிக்கிறது என்று நினைத்து, என் வீட்டுக்காரர் நடுராத்திரியில் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். அம்மாவோ, "வயித்துல பூச்சி, மருந்து குடி" என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் நெற்றிப்பொட்டில் வலி, கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்'. ராத்திரி பல்மேல் மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்யத்தான் இந்த முறை அச்செடுத்தது.

மாடிக்குப் போனால், அது லேபா, கல்யாணச் சமையல்கட்டா! ரப்பர் கிண்ணம், கரண்டி, மாவுப்பொடி, அளந்து ஊற்றத் தண்ணீர். அச்செடுக்கும் மாவில் கடல்பாசிச் சத்து இருக்கிறதாம். அது காய்ந்தால் சுருங்கிவிடும் என்பதால், ஈரத்துணி சுற்றிய என் அச்சு பச்சைக்குழந்தை மாதிரி படுத்திருந்தது. லேப் அண்ணன் அதில் ஜிப்சம் கரைசலை ஊற்றி, கிடுகிடுவென்று ஆடும் மேடையில் வைத்தார். குமிழியெல்லாம் மேலே வந்து உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது! இறுகும்போது சூடாகுமாம். என் பல்வரிசைக்குக் காய்ச்சல்!

அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் தாடை மாதிரி அசையும் ஒரு கருவியில் பொருத்தினார். "கோரைப்பல்லுல கூரே இல்ல, பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டபடி கீழ்வரிசையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். விழித்திருக்கும்போது நான் தாடையைக் கொண்டே போகாத ஒரு கோணல் இடம். அங்கே தேய்ந்த முனையும் தேய்ந்த முனையும் பூட்டும் சாவியுமாகப் பொருந்தின. என் ராத்திரி வேலைக்குப் பகல் வெளிச்சத்தில் சாட்சி!

பக்கத்து மேஜையில் வேறு யாருக்கோ மெத்தென்ற ரகக் கவசம் தயாராகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்க, அது நடுவில் தொப்பை விட்டுத் தொங்கியது. கீழே இறக்கியதும் மெஷின் காற்றை உறிஞ்ச, பல்மேல் கப்பென்று ஒட்டிக்கொண்டது. அதைச் சிலர் சூயிங்கம் மாதிரி இன்னும் ஆசையாக மெல்வார்களாம். என்னைப் போன்றவர்களை நம்ப முடியாது. எனக்குக் கெட்டி அக்ரிலிக்தான்.

அந்த அமைப்புக்கு மிச்சிகன் ஸ்பிளின்ட் என்று பெயர். ராம்ஃபியோர்ட், ஆஷ் என்ற இருவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. மேற்பரப்பு வழவழவென்று சமதளம். எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கோரைப்பல் இடத்தில் மட்டும் சின்னச் சரிவு. தாடை பக்கவாட்டில் நகர்ந்தால் கோரைப்பல் அதில் ஏறும், கடைவாய்ப்பற்கள் விலகிவிடும். அக்ரிலிக் பொடியும் திரவமும் கலந்தபோது நெயில் பாலிஷ் கடை வாசனை. பிறகு வெந்நீரும் அழுத்தமுமாக ஒரு பாத்திரம், விசில் மட்டும் இல்லாத குக்கர்!

கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நீலக் காகிதத்தை வைத்து, "டக் டக்னு கடிங்க" என்றார் டாக்டர். அழுத்தமாக விழுந்த புள்ளிகளை ராவினார். மறுபடி கடி, மறுபடி ராவல். முடிகிற மாதிரியே தெரியவில்லை.

"இதைப் போட்டா கடிக்கிறது நின்னுடுமா டாக்டர்?"

"அது மூளையில ஆரம்பிக்கிற விஷயம்மா. தூக்கம் லேசாக் கலையுற நேரத்துல வரும். நீங்க பாட்டுக்குக் கடிங்க. பல்லுக்குப் பதிலா இது தேயட்டும். தசைக்கும் பலருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆனா பகல்ல ஞாபகம் வச்சுக்குங்க: உதடு மூடி, பல்லு விலகி."

இத்தனை இழைப்பும் கடிபடுவதற்குத்தானா! எனக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

முதல் ராத்திரி 'சரி' என்றால் 'ஷரி' என்று வந்தது. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சில வாரம் கழித்து ஒரு காலை, பச்சைத் தண்ணீரில் கழுவி (வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்) ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். கோரைப்பல் சரிவுகளில் மினுமினுவென்று இரண்டு கீறல்கள்! போட்டோ எடுத்து மாடி அண்ணனுக்கு அனுப்பினேன்.

"சூப்பர் மேடம், ரெண்டு பக்கமும் சமமா விழுந்திருக்கு" என்று பதில் வந்தது.