பதினாறு நிரம்பாத இராமனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

மாசியும் பங்குனியும் பொதுத்தேர்வுக் காலம். செங்கற்பட்டை அடுத்த செட்டிபுண்ணியத்தில் யோக ஹயக்ரீவர் சந்நிதியின் முன்பு, பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கையில் ஏந்திய பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். திருவஹீந்திரபுரம் ஹயக்ரீவர் சந்நிதியிலும், கூத்தனூர் சரஸ்வதி ஆலயத்திலும் இதே காட்சியைக் காணலாம். உடன் வந்த பெற்றோர் கண்மூடி வேண்டுவது பெரும்பாலும் மதிப்பெண்ணைத்தான். அருகில் நிற்கும் பிள்ளை என்ன வேண்டிக்கொள்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. "தோற்றுவிட்டால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்ற அச்சமே அந்த இளம் உள்ளத்தின் முழுப் பிரார்த்தனையாக இருக்கக்கூடும்.

பத்து முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களில் பலர் எவராலும் கண்டறியப்படாமலும், உரிய சிகிச்சை பெறாமலும் இருக்கின்றனர். ஆகவே இது யாரோ சில குடும்பங்களின் துயரம் அன்று. நம் தெருவிலும், நம் ஆலயத்தின் பஜனைக் குழுவிலும், ஒருவேளை நம் இல்லத்திலும் நிகழ்ந்துகொண்டிருப்பது.

அயோத்தி காட்டிய வழி

வளரிளம் பருவத்தின் வாட்டத்தைப் பெரியோர் எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு நம் மரபிலேயே ஓர் அரிய சித்திரம் உண்டு. வால்மீகி முனிவரின் பெயரால் வழங்கும் யோக வாசிஷ்டத்தின் தொடக்கப் பகுதி அது. வீரை ஆளவந்தார் அதனை 'ஞானவாசிட்டம்' எனத் தமிழ்ச் செய்யுளில் பாடினார்.

பதினாறு வயது நிரம்பாத இராமபிரான் தீர்த்த யாத்திரை முடித்து அயோத்தி திரும்புகிறான். சில காலம் சென்றபின் அவனிடம் மாற்றம் தெரிகிறது. உடல் மெலிகிறது. உணவில் விருப்பமில்லை. ஆடை அணிகளில் நாட்டமில்லை. தனித்து அமர்ந்து சிந்தனையில் ஆழ்கிறான். தயரதன் அன்போடு மடியில் இருத்திக் கேட்டும், ஒன்றுமில்லை என்பதே விடையாக வருகிறது. அவ்வேளையில் விசுவாமித்திரர் அவைக்கு வருகிறார். இராமனின் பணியாளர் தாம் கண்ட மாற்றங்களை ஒளிக்காமல் அவையில் எடுத்துரைக்கின்றனர். முனிவர் இராமனை அழைத்து வரச் செய்து, மனத்தில் உள்ளதைச் சொல்லுமாறு கேட்கிறார். செல்வம், ஆயுள், இளமை, ஆசை அனைத்தின் நிலையாமையைக் குறித்து இராமன் நெடுநேரம் பேசுகிறான். அவை முழுவதும் அமைதியாகக் கேட்கிறது. அதன் பின்னரே வசிஷ்டரின் உபதேசம் தொடங்குகிறது.

இராமனுக்கு வந்தது மெய்ஞ்ஞானத்துக்கு வழிகோலிய வைராக்கியம். இன்றைய பிள்ளையைத் தாக்கும் மனச்சோர்வு ஒரு நோய். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நாம் கற்க வேண்டியது பெரியோர் நடந்துகொண்ட முறையை. அரண்மனையில் உனக்கு என்ன குறை என்று எவரும் அதட்டவில்லை. தந்தையிடம் சொல்லத் தயங்கியதை மற்றொரு பெரியவரிடம் சொல்ல வழி செய்து கொடுத்தார்கள். உடனிருந்தோர் தந்த செய்தியை மதித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுவதும் கேட்டு முடிக்கும் வரை ஒரு சொல்லும் போதிக்கவில்லை. நம் இல்லங்களில் பிள்ளை இரண்டாவது வாக்கியத்தை முடிக்கும் முன்பே நமது உபதேசம் தொடங்கிவிடுகிறது.

உள்ளே நிகழ்வது என்ன?

இப்பருவத்தில் உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் விரைந்து செயற்படுகின்றன. அவற்றை நிதானப்படுத்தி, விளைவுகளை எண்ணிப் பார்க்க உதவும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. ஆகையால் அவமானமும் இழப்பும் பிரிவும் பெரியோருக்குத் தோன்றுவதைவிடப் பன்மடங்கு பெரிதாக அவர்களுக்குத் தோன்றும். "இது ஒரு விஷயமா?" என்று நாம் சிரித்துக் கடப்பது அவர்களுக்கு உலகமே முடிந்ததுபோல் இருக்கும்.

உறக்கமும் மாறுகிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இவ்வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. பதின்பருவத்தினருக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு வரை கைபேசியும், விடியற்காலையில் தனிப்பயிற்சி வகுப்பும் அதனைப் பறித்துக்கொள்கின்றன. உறக்கம் குறையக் குறைய எரிச்சலும் சோர்வும் கவனச் சிதறலும் பெருகும். அதனைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் நாம் தவறாகப் படிக்கிறோம்.

வெளியே அழுத்துவது என்ன?

முதலாவது ஒப்பீடு. "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்ற பழைய ஒப்பீடு, இன்று கைபேசித் திரையில் ஆயிரம் முகங்களோடு நடக்கிறது. நிறம், உடற்பருமன், பேச்சு, சாதி, குடும்பத்தின் வறுமை ஆகியவற்றைச் சொல்லிக் கேலி செய்வது பள்ளி வாயிலோடு முடிவதில்லை. குழுச் செய்திகளின் வழியே படுக்கையறை வரை தொடர்ந்து வருகிறது.

இரண்டாவது, ஒரே தேர்வில் வாழ்வு முழுவதையும் பணயம் வைக்கும் போக்கு. இக்கொடுமையை உணர்ந்தே தமிழக அரசு, 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. தேர்வில் தவறியோர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதவும் வழி இருக்கிறது. அரசு நிறுத்திய தரவரிசையை நாம் உறவினர் வீட்டு விசேஷங்களில் தொடரலாமா? "எவ்வளவு மார்க்?" என்ற கேள்வியைப் பந்தியில் கேட்காமல் இருப்பதும் ஒரு புண்ணியமே.

மூன்றாவது, இல்லத்தின் சூழல். பெற்றோரின் ஓயாத சண்டை, தந்தையின் குடிப்பழக்கம், பிள்ளை அனுபவித்த துன்புறுத்தலை வெளியே சொல்லவிடாத குடும்ப மௌனம் ஆகியவை ஆழ்ந்த காயங்களை ஏற்படுத்தும். முன்பு பாட்டியோ சித்தப்பாவோ அத்தையோ அருகில் இருந்தனர். பெற்றோரிடம் சொல்ல இயலாததைக் கேட்க ஒரு செவி இருந்தது. இன்றைய சிறு குடும்பத்தில் அந்தச் செவியை நாம் முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது.

பக்தி துணையாகட்டும், பாரமாக வேண்டாம்

இறைவழிபாடு இவ்வயதினருக்குப் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கேற்றுவது வாழ்வுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. கூட்டுப் பாராயணமும் உழவாரப் பணியும் "நானும் ஒரு பயனுள்ள மனிதன்" என்ற நிறைவைத் தருகின்றன. அங்கே மதிப்பெண் கேட்பார் எவருமில்லை.

ஆயினும் அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. "நீ தொண்ணூற்றைந்து சதவீதம் வாங்கினால் முடி இறக்குகிறேன் என்று வேண்டியிருக்கிறேன்" எனப் பிள்ளையின் காதுபட நேர்ந்துகொள்கிறோம். மதிப்பெண் குறைந்தால் பெற்றோரை மட்டுமன்று, தெய்வத்தையும் ஏமாற்றிவிட்டதாக அப்பிள்ளை நினைக்கும். புகலிடமாக இருக்க வேண்டிய சந்நிதியும் அதற்கு மற்றொரு தேர்வுக் கூடமாகிவிடும். "என் பிள்ளை உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருக்க வேண்டும்" என்று அதன் காதுபட வேண்டிக்கொள்வோம். ஏழரைச் சனி, அஷ்டமச் சனி என்று ஜாதகப் பலனைப் பிள்ளையின் எதிரில் விவாதிப்பதையும் தவிர்ப்போம்.

மனநோயின் அறிகுறிகளைப் பேய் என்றும் செய்வினை என்றும் கருதிக் காலம் கடத்துவது பெருந்தீங்கு. திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி ஆலயம், மனநலம் குன்றியோர் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் புகழ்பெற்ற தலம். அங்கேயே மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. தீர்த்தமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் சென்றுகொண்டே மாரியம்மனுக்கும் வேண்டிக்கொள்கிறோம் அல்லவா? மனத்துக்கும் அதுவே முறை. மருத்துவர் தந்த மருந்தை, விரதத்தின் பெயராலோ சற்றுத் தேறியதென்றோ நாமாக நிறுத்திவிடக் கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

இரண்டு வாரங்களுக்கு மேலாக வாட்டமோ எரிச்சலோ நீடித்தால் கவனியுங்கள். உறக்கத்திலும் உணவிலும் பெரும் மாற்றம், நண்பர்களை விட்டு விலகல், விரும்பிய விளையாட்டிலும் பாட்டிலும் ஆர்வமின்மை, காரணம் புரியாத தலைவலியும் வயிற்றுவலியும், பள்ளி செல்ல அஞ்சுதல், உடலில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்கள் ஆகியவை எச்சரிக்கைகள். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" போன்ற பேச்சும், அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் உடனே செயற்பட வேண்டிய அறிகுறிகள்.

அந்நிலையில், "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா, கண்ணா?" என்று அமைதியாக நேரடியாகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மனநல மருத்துவம் கண்ட உண்மை. பூட்டிய அறைக்குள் தனித்துத் தவித்த பிள்ளைக்கு அக்கேள்வி ஒரு கதவைத் திறக்கிறது. "ஆம்" என்று விடை வந்தால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், தனியே விடாமல் உடனிருங்கள். தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் எட்டாதபடி அகற்றுங்கள். தாமதியாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். துன்புறுத்தலுக்கு உள்ளான சிறாருக்கு 1098 என்ற எண் இருக்கிறது. இவ்வெண்களைப் பூஜை அறை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கேட்கத் தயங்கும் பிள்ளையின் கண்ணில் அது படட்டும்.

வாரத்தில் ஒரு நாளேனும், தரிசனம் முடித்துப் பிராகாரத்தில் அமரும்போது கைபேசியை அணைத்துவிட்டுப் பிள்ளையைப் பேச விடுங்கள். படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். அது பேசாவிட்டாலும் பொறுத்திருங்கள். அடுத்த வாரமும் அமருங்கள். தேர்வு முடிவு வெளிவரும் நாளன்று, மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளையை அருகில் அழைத்து, "எது வந்தாலும் நீ எங்கள் பிள்ளை" என்று சொல்லிவிடுங்கள். அச்சொல்லை முன்கூட்டியே கேட்ட பிள்ளை எந்த முடிவையும் நம் அருகில் நின்றே எதிர்கொள்ளும். ஞானத்தை அருளும் ஹயக்ரீவப் பெருமான் அந்தப் பொறுமையைப் பெற்றோராகிய நமக்கும் அருள்வாராக!