சிறு வீடியோ காமிராவும் தொகுப்பு மென்பொருளும்: தேர்ந்தெடுக்கும் முறை

இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கிறது. 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பூத்த அச்செடி, அடுத்து 2030ஆம் ஆண்டில் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. இத்தகைய காட்சியைப் பதிவு செய்தபின் அப்பதிவு கணிப்பொறியில் திறவாவிடில், மறுபடியும் எடுப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். எனவே காமிராவையும் தொகுப்பு மென்பொருளையும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் தவறு. இரண்டும் ஒரே கருவியின் இரு பகுதிகள் எனக் கொள்ளுதலே முறையாகும்.

பதிவின் இயல்பு

முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் 1920 பத்திகளும் 1080 வரிசைகளுமாக ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 படங்களை உள்ளவாறே சேமித்தால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 155 மெகாபைட் இடம் தேவைப்படும். ஆனால் சிறு காமிரா விநாடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட் அளவிலேயே பதிவு செய்யக்கூடும். இவ்வாறு ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்குவது எங்ஙனம்?

காமிரா எல்லாப் படங்களையும் முழுமையாக எழுதுவதில்லை. ஒரு படத்தை முழுதாக எழுதி, அடுத்து வரும் பல படங்களில் மாறிய பகுதிகளை மட்டுமே குறித்துக்கொள்கிறது. மலை அசையாது நிற்க, வரையாடு மட்டும் நடந்தால், ஆட்டின் அசைவே குறிக்கப்படுகிறது. இதனால் இடம் மிச்சமாகிறது. ஆனால் தொகுக்குங்கால், இடையிலுள்ள ஒரு படத்தைக் காட்டுவதற்குக் கணிப்பொறி முந்தைய முழுப்படத்திலிருந்து கணக்கிட்டு வரவேண்டியிருக்கிறது. பழைய கணிப்பொறிகள் தொகுப்பின்போது திணறுவதற்குக் காரணம் இதுவே.

கணிப்பொறிக்கு ஏற்ற வடிவம்

2003ஆம் ஆண்டில் வெளியான எச்.264 என்னும் சுருக்கமுறையைப் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கின்றன. 2013ஆம் ஆண்டில் வெளியான எச்.265 இன்னும் குறைந்த இடத்தில் அடங்கும். ஆயினும் அதை விரிப்பதற்குக் கூடுதல் கணக்கீடு தேவை. ஆதலின் கணிப்பொறி பழையதாயின், எச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாகப் பதியும் காமிராவே தகுந்தது. நான்குமடங்கு தெளிவுடைய 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் அமைந்தால், ஒரு மணிக்கு 45 கிகாபைட் இடம் கொள்ளும். 24 மெகாபிட் பதிவுக்கு ஏறத்தாழ 11 கிகாபைட் போதும்.

கேரள அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களின் பயிற்சியில் வீடியோ தொகுப்பும் இடம்பெற்றது. அம்மாநிலப் பள்ளிகளில் லினக்ஸ் கணிப்பொறிகளும் கட்டற்ற மென்பொருள்களும் பழக்கமானவை. எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு இது பெரிதும் அனுகூலமாகும். கேடென்லைவ், ஓபன்ஷாட் ஆகியவை விலையின்றிக் கிடைப்பன. கேடென்லைவில் 'பதிலிக் கோப்பு' என்றொரு வசதி உண்டு: பெரிய பதிவின் சிறு நகலை வைத்துத் தொகுத்துவிட்டு, முடிவில் மூலப்பதிவிலிருந்தே படத்தை உருவாக்கலாம். வேறு சில மென்பொருள்களின் இலவசப் பதிப்புகள் எல்லாச் சுருக்கமுறைகளையும் திறப்பதில்லை; இதனை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

காமிராவில் நோக்க வேண்டியவை

தொலைவில் நிற்கும் வரையாட்டைப் படமெடுக்க, லென்சு நகர்ந்து பெருக்கும் வசதி இன்றியமையாதது. மின்னணு முறையிலான பெருக்கம், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி வேறில்லை. ஆனால் மிகுந்த பெருக்கம் தரும் சிறு காமிராக்களில் ஒளியுணர் தகடு சிறிதாகவே இருக்கும். அடர்ந்த நிழலிலும் மாலையிலும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். எனவே மலைச்சரிவில் பணிபுரிவோர் பெருக்கத்தையும், வகுப்பறையில் பதிவு செய்வோர் குறைந்த ஒளியில் தெளிவு தருவதையும் முதன்மையாகக் கொள்ளலாம்.

பாலக்காட்டுக் கணவாயில் காற்று வலிதாக வீசுவதால், தனி ஒலிவாங்கி பொருத்தும் துளையும், ஒலிவாங்கிக்கு மயிருறையும் தேவை. இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுடையதாகையால், குழல்விளக்கின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். விநாடிக்கு 25 அல்லது 50 படங்கள், 1/50 அல்லது 1/100 விநாடித் திறப்பு என அமைத்தால் படம் மினுக்காது. 30 படங்களுக்கு அமைத்து விற்கப்படும் காமிராக்களில் இதனை மாற்றிக்கொள்ள வேண்டும். கைப்பேசிகள் பல, ஒளிக்கேற்ப விநாடிக்குரிய படங்களின் எண்ணிக்கையைத் தாமே மாற்றுகின்றன. தொகுக்கும்போது வாயசைவும் குரலும் பொருந்தாமற் போவதற்கு இது ஒரு காரணம்.

இடுக்கியின் மழைக்காலத்தில் லென்சில் பூஞ்சணம் படரும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காமிராவை வைத்தல் வேண்டும். மூணாறு போன்ற குளிரிடத்திலிருந்து வெப்பமான சமவெளிக்குக் கொண்டுவந்தால், அது வெப்பமடையும் வரை உறையைத் திறவாதிருப்பது நன்று.

வாங்குமுன் சோதனை

முதலாவதாக, தொகுப்புக்குரிய கணிப்பொறியில் எந்த மென்பொருள் இயங்குகிறது எனக் காண்க. இரண்டாவதாக, வாங்கக் கருதும் காமிராவில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, அக்கோப்பை அதே கணிப்பொறியில் திறந்து, வெட்டி, ஒட்டி, இறுதிப் படமாக்கிப் பார்க்க. மூன்றாவதாக, குரலும் படமும் இறுதிவரை இணைந்து செல்கின்றனவா எனக் கவனிக்க. நான்காவதாக, முழுப் பாடவேளைக்கும் காமிரா நில்லாது ஓடுகிறதா என அறிக; ஒளிப்படக் காமிராக்கள் சில ஏறத்தாழ அரைமணியில் பதிவை நிறுத்திவிடும்.

இச்சோதனையில் தேறாத காமிரா விலையுயர்ந்ததாயினும் பயன்படாது. தேறியது எளியதாயினும் பணிக்குப் போதுமானது. மூலப்பதிவை இரு வேறு வட்டுகளில் நகலெடுத்த பின்னரே நினைவட்டையை அழித்தல் வேண்டும்.