பிரவுசர் க்ராஷ் ஆகிடுச்சா? டைப் செய்ததை மீட்க முதலில் செய்ய வேண்டியது இதுதான்!

திண்டுக்கல்லில் மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும். காலையிலேயே மோட்டார் போட்டு, போனை சார்ஜ் செய்து வைத்துவிடலாம். அறிவிப்பே இல்லாமல் ஒரு நொடி போய் வரும் கரண்ட்டுக்கு என்ன செய்வது? யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில், வேலைக்கான விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்ற பெட்டியை ஒரு மணி நேரமாக நிரப்பியவருக்கு அந்த ஒரு நொடி போதும். அன்று இரவு 11.59 மணிதான் கடைசி நேரம் என்றால், கேட்கவே வேண்டாம்.

ஆனால், எழுதியது எல்லாம் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் அதை நிஜமாகவே அழிப்பது, பதற்றத்தில் நாம் அடுத்து அழுத்தும் பட்டன்தான்.

பெட்டியில் டைப் செய்யும் எழுத்து, 'சப்மிட்' கொடுக்கும் வரை அந்த இணையதளத்துக்குப் போகாது. நம் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். இதற்காகவே ஃபயர்ஃபாக்ஸ், திறந்திருக்கும் டேப்களின் நிலையை 15 நொடிகளுக்கு ஒருமுறை ஃபைலாக எழுதி வைக்கிறது. சாதாரணப் பெட்டிகளில் டைப் செய்ததும் அதில் சேரும். பாஸ்வேர்டு சேராது. போல்டு, இட்டாலிக் பட்டன்களோடு வரும் எடிட்டர்களில் எழுதியது கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் பிரவுசரைத் திரும்பத் திறந்ததும் அதே தளத்தைப் புதிதாக டைப் செய்து போகாதீர்கள். 'ரீஸ்டோர்' கேட்டால் அதைக் கொடுங்கள். குரோமில் அந்தச் சின்ன பாக்ஸைத் தெரியாமல் மூடிவிட்டீர்களா? கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்துங்கள், பழைய டேப்கள் வரும். டேப் வந்தாலும் பெட்டி காலியாக இருக்க வாய்ப்புண்டு. இன்காக்னிட்டோவில் எழுதியிருந்தால் இந்த வழியே கிடையாது.

க்ராஷ் ஆகாமலே எழுத்து போவதும் உண்டு. நிதானமாக எழுதி முடித்து சப்மிட் கொடுத்தால், 'செஷன் முடிந்துவிட்டது' என்று வரும். உடனே ரீஃப்ரெஷ் செய்யாமல், பேக் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பழைய பக்கம் எழுத்தோடு திரும்பினால் முதல் வேலை காப்பி. லாக்-இன் எல்லாம் அப்புறம்தான்.

போனில் கதை வேறு. வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புகிறீர்கள், நடுவில் வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் பக்கம் புதிதாக லோடு ஆகிறது. இதற்குப் பெரும்பாலும் சிக்னலைத் திட்டுவோம். போனில் ரேம் போதாதபோது ஆண்ட்ராய்டு, பின்னணியில் இருக்கும் டேபை மூடிவிடுவதாலும் இப்படி ஆகும்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால், நாலு வரிக்கு மேல் எழுதும் எதையும் ஜிமெயில் டிராஃப்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதிவிட்டு, பெட்டியில் பேஸ்ட் செய்யலாம். இரண்டுமே தானாக சேவ் ஆகும். நெட் போய்ப் போய் வரும் இடமென்றால் டாக்ஸில் 'ஆஃப்லைன்' வசதியை முன்பே ஆன் செய்துவிட வேண்டும். நெட் போன பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

டைப் செய்வதை எல்லாம் தானாகச் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன்களும் இருக்கின்றன. நாம் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்க அவற்றுக்கு அனுமதி தர வேண்டியிருக்கும். சாவியை யாரிடம் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று பூட்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேங்க் வேலை பார்க்கும் பிரவுசரில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்கெனவே காப்பி செய்திருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. விண்டோஸில் கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்து வைத்திருந்தால், விண்டோஸ் கீ + வி அழுத்தினால் கடைசி 25 காப்பிகள் வரை வரும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் 'பின்' செய்தவை மட்டுமே மிஞ்சும். போனில் ஜிபோர்டு கிளிப்போர்டை ஆன் செய்திருந்தாலும் ஒரு மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் எடுத்துவிட வேண்டும்.